மூன்று முறை மறுக்கப்பட்ட அரை மணி நேரம்

பூந்தமல்லி பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்த ரத்தப் பரிசோதனை நிலையத்தில் கணினிகளைப் பார்த்துக்கொள்வது ஹெலினாவின் வேலை. அங்கிருந்த சர்வரில் ஓடியது ‘ஸ்டேபிள்’, அதாவது நிலையானது, என்று அறிவிக்கப்பட்ட இயங்குதளம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அதற்குப் பராமரிப்பு அப்டேட் வரும். புதிதாக எதையும் சேர்க்க மாட்டார்கள். தெரியவந்த ஓட்டைகளை அடைப்பார்கள், மோசமான பிழைகளைத் திருத்துவார்கள். அதைப் போட்டு சர்வரை ஒருமுறை அணைத்து ஏற்ற அரை மணி நேரம் போதும்.

அந்த அரை மணி நேரத்தை மேலாளர் மனோகரன் மூன்று முறை மறுத்தார்; ஒவ்வொரு முறையும் மெயிலில் ‘வேண்டாம்’ என்று பதிலும் எழுதினார்.

“ஸ்டேபிள்னு அவனே போட்டிருக்கான். நல்லா ஓடுறதுல எதுக்கும்மா கை வெக்கிற?”

“ஸ்டேபிள்னா பிழையே இல்லைன்னு அர்த்தம் இல்ல சார். தேவையில்லாம எதையும் மாத்த மாட்டாங்க, அவ்ளோதான். திருத்தம் வந்தா நாமதான் போட்டுக்கணும். இந்தத் தடவ டிஸ்க்ல எழுதுறதுலயே ஒரு பிழைய சரி பண்ணிருக்காங்க.”

“அடுத்த மாசம் பாக்கலாம்.”

ஒரு செவ்வாய்க்கிழமை மாலை சர்வர் நின்றுபோனது. மறுபடி ஏற்றியபோது, அன்று பதிவான முப்பத்தெட்டுப் பேரின் முடிவுகள் வெற்றுக் கோப்புகளாகக் கிடந்தன. அதே பிழை. நகல் முந்தைய நாள் வரைக்கும்தான் இருந்தது.

மறுநாள் காலை எல்லோரையும் வெறும் வயிற்றோடு திரும்ப வரச்சொன்னார்கள். நூம்பலிலிருந்து வந்த லூர்தம்மாளுக்கு நரம்பு எளிதில் அகப்படாது. மூன்றாவது குத்தில்தான் ரத்தம் வந்தது. கையில் பஞ்சை அழுத்திக்கொண்டு அவர் வரவேற்பறைக்கு வந்தார்.

“நேத்து குத்தினது இன்னா ஆச்சு சார்?”

மனோகரன் ஹெலினாவைக் கைகாட்டினார். “அப்டேட் போடுறேன்னு இந்தப் பொண்ணு கெடுத்துடுச்சும்மா.”

ஹெலினா எழுந்து நின்றாள். “நான் போடல சார். போட விடாததாலதான் போச்சு. சர்வர நிறுத்திப் போட மூணு தடவ அரை மணி நேரம் கேட்டேன். மூணு தடவையும் வேணாம்னு நீங்க எழுதின பதில் என்கிட்ட இருக்கு.”

லூர்தம்மாள் ஹெலினாவின் பக்கம் திரும்பினார்.

“இப்போ நிறுத்தினா சரியாய்டுமாம்மா?”

“போனது வராதும்மா. இனிமே போகாது.”

“அப்ப இப்பவே நிறுத்து. நாங்க குந்திகினு கீறோம். இன்னொரு தபா குத்திக்க என்னால ஆவாது.”

மனோகரன் தன் அறைக்குள் போய்விட்டார். ஹெலினா அப்டேட்டைப் போட்டாள். இருபத்தைந்து நிமிடம் ஆனது. யாரும் எழுந்து போகவில்லை.

அனுமதியின்றி சர்வரை நிறுத்தியதற்கு விளக்கம் கேட்டு மாலையில் அவளுக்கு மனோகரனிடமிருந்து மெமோ வந்தது. மூன்று பதில்களையும் இணைத்து நிலையத்தின் உரிமையாளர் டாக்டர் சாவித்திரிக்கு அனுப்பினாள். இரண்டு நாளில் மெமோ ரத்தானது. அப்டேட் வந்த வாரமே போட வேண்டும் என்றும் உத்தரவு வந்தது. பொய் சொன்னது யார் என்று அதில் ஒரு வரிகூட இல்லை.

ஹெலினா மனோகரனின் அறைக்குப் போனாள். “நான் கெடுத்தேன்னு ஜனங்க முன்னாடி சொன்னீங்க சார். இல்லைன்னும் அவங்க முன்னாடிதான் சொல்லணும்.”

“அதான் ஆர்டர் வந்துடுச்சே. இன்னும் என்ன?” திரையிலிருந்து அவர் கண்ணை எடுக்கவில்லை.

ஹெலினா நடந்ததை ஒரு பக்கத்துக்கு எழுதி, கையெழுத்திட்டு, வரவேற்பறைச் சுவரில் ஒட்டினாள். அதைக் கிழிக்க மனோகரன் எழுந்து வரவில்லை.