கரையோரப் பெட்டியின் பொய்

1

இந்தக் கதை நான் திருடியது. என் மனைவி அன்பரசியின் ஆராய்ச்சியிலிருந்து எடுத்தேன். அவள் அடுத்த அறையில் ஜுரத்தோடு படுத்திருக்கிறாள். நான் செங்கல்பட்டு வீட்டில் மேசையைக் கட்டிக்கொண்டு முதல் வரிக்கு அழுதுகொண்டிருக்கிறேன்.

‘முட்டுக்காட்டு உப்பங்கழியில், மூங்கில் கொம்புகளின் மேல், சின்னச் சின்னப் பெட்டிகள்...’

(வேண்டாம். படகுச் சவாரி விளம்பரம் மாதிரி இருக்கிறது.)

2

ஆனால் பெட்டிகளைச் சொல்லாமல் முடியாது. ஒவ்வொன்றும் தண்ணீரின் உப்பை அளந்து பக்கத்துப் பெட்டிக்குச் சொல்லும். அது அடுத்ததற்குச் சொல்லும். இப்படியே செய்தி கரைக்கு வரும். எந்த வழியாக வருவது என்று முடிவுசெய்யும் முறையை அன்பரசி எறும்புகளிடமிருந்து எடுத்தாள். எறும்பு நடக்க நடக்கப் பாதையில் வாசனை கூடும்; மற்றவையும் அதிலேயே போகும். அப்படியே விட்டால் ஒரே பெட்டி எல்லாருடைய செய்தியையும் சுமந்து பாட்டரி தீர்ந்து சாகும். அதனால் களைத்த பெட்டியின் பக்கம் வாசனை மங்கும்படி செய்தாள். களைத்ததா என்று அந்தப் பெட்டியேதான் சொல்லவேண்டும். சொன்னால் மற்றவை நம்பும்.

கரையோரப் பெட்டி பழுதாகி, எந்நேரமும் ‘தெம்பாக இருக்கிறேன்’ என்கிறது. எல்லாச் செய்தியும் அதன் தலையில். இன்று இருட்டுவதற்குள் பாட்டரியை மாற்றாவிட்டால் அது அணைந்துவிடும், மற்றவற்றின் செய்தி கரைக்கு வராது. சோதனை நடுவில் அறுந்தால் முதலிலிருந்து தொடங்கவேண்டும். பல்கலைக்கழகம் இனி அவகாசம் தராது.

“நான் போறேன், நீ படு” என்று காலையில் சொன்னவன் நான்.

3

இங்கே ஒரு படகுக்காரர் வேண்டும். வரதன். (அவரை ஞானியாக்கி எழுதிப் பார்த்து, அந்த வரிகளை அடித்துவிட்டேன். பாவம், எனக்காகக் காத்திருக்கும் மனுஷன்.)

போனில் கேட்டார்: “அண்ணாத்த, போட்டு ரெடியா கீது. எங்க கீற?”

“திருப்போரூர் தாண்டிட்டேன். வந்துகினே கீறேன்.”

வெட்கமாக இருந்தது. அந்த வெட்கம் நல்ல வரியாக வருமே என்று உடனே குறித்தும் வைத்தேன். அதற்கும் சேர்த்து வெட்கப்படுகிறேன்.

அறையிலிருந்து அவள் குரல்: “இன்னா, வண்டி சத்தமே காணோம்?”

“செருப்பு மாட்டிகினு கீறேன்.”

4

முடிவு ஒன்று: நான் போகிறேன், பெட்டி பிழைக்கிறது. (நான் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறேன் என்பதை நீங்களே பார்க்கிறீர்கள்.)

முடிவு இரண்டு: அவளே எழுந்து

(இது நான் யோசித்ததல்ல. எழுந்தேவிட்டாள். துப்பட்டாவைக் காதோடு சுற்றிக்கொண்டு, மேசையிலிருந்த வண்டிச் சாவியையும் பாட்டரியையும் எடுத்தாள். திட்டியிருக்கலாம். திட்டவில்லை.)

“கதை நல்லா வருதா?” என்றாள்.

“நல்லா வருது” என்றேன்.

இந்த மாதிரிக் கதைகளில் முடிவை வாசகரிடம் விட்டுவிடுவது வழக்கம். அதுவும் சுமையை இன்னொருவர் தலையில் கட்டுகிற வேலைதான். உங்களுக்கு வேண்டாம். வாசலில் வண்டி இன்னும் கிளம்பவில்லை. ஜுரக் காலால் உதைத்து உதைத்துப் பார்க்கிறாள். நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுகிறேன். நான் இந்த வாக்கியத்தை