மாடி இல்லாத வீட்டின் படிகள்

புரூஃப் பார்ப்பவர் ஒன்பதாம் அத்தியாயத்தின் ஓரத்தில் பென்சிலால் ஒரே ஒரு கேள்வி எழுதி அனுப்பியிருந்தார்: “இந்த வீட்டுக்கு மாடி எப்போது வந்தது?”

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற மனிதர் என்று பதிப்பகத்தில் அவருக்குப் பெயர். இதற்கு முன் வந்த எட்டு நாவல்களிலும் அவர் போட்ட கால்புள்ளிகளை எழுத்தாளர் பெருந்தன்மையோடு ஏற்றுக்கொண்டிருக்கிறாள். ஆனால் இது அவள் வீடு. அடுத்தவர் பெயரில் ஒளித்து ஒளித்து எழுதிவந்த தன் சின்ன வயசை இந்த ஒன்பதாவது புத்தகத்தில்தான் முதல்முறையாக ‘நான்’ என்று போட்டு எழுதியிருந்தாள். முன்னுரையில், இதில் ஒரு வரிகூடக் கற்பனை இல்லை என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லியும் வைத்திருந்தாள். அவள் வீட்டைப் பற்றி அவளுக்கே பாடம் எடுக்க இவர் யார் என்று கோபம் வந்தது. கோபத்தோடே இரண்டாம் அத்தியாயத்தைப் புரட்டினாள்.

மனிதர் சொன்னது சரி. இரண்டாம் அத்தியாயத்தில் தகரக் கூரை ஒழுகி அவள் முழங்காலில் சொட்டுகிறது. கதவுக்கு அடியில், தெருவில் போகிறவர்களின் கால்கள் தெரிகின்றன. ஒன்பதாம் அத்தியாயத்திலோ அப்பா குடித்துவிட்டுப் பதினேழு மரப்படிகள் ஏறி வருகிறார். தெருவோடு ஒட்டிய ஒற்றை அறைக்கு அவர் எதற்காகப் படி ஏறினார்?

அந்தப் படிகள் சாதாரணப் படிகள் இல்லை. அவள் புகழே அவற்றின்மேல்தான் நிற்கிறது. எட்டு நாவல்களிலும் யாரோ ஒருவன் படியேறி வருவான். ஆனால் யார்மேலும் அடி மட்டும் விழவே விழாது. வருகிற சத்தத்திலேயே படிப்பவருக்கு உயிர் போய்விடும். பதினேழு என்ற எண்ணை வைத்து ஒரு பேராசிரியர் நாற்பது பக்கம் கட்டுரை எழுதி, அது அதிகாரத்தின் அடுக்கு என்று கண்டுபிடித்திருந்தார். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் மேடையில் தலையாட்டினாள்.

கூரையை அடித்துவிடலாம் என்று பேனாவை எடுத்தாள். முடியவில்லை, முழங்காலில் அந்த ஈரம் இன்னும் இருந்தது. சரி, படிகளை அடிக்கலாம் என்று பார்த்தால் அந்தச் சத்தம் காதுக்குள்ளேயே இருந்தது. இரண்டில் ஒன்று பொய். படிகள் பொய் என்றால் ஒன்பதாம் அத்தியாயம் பொய். அது பொய் என்றால் முன்னுரையைத் தூக்கிக் குப்பையில் போட வேண்டியதுதான். மறுநாள் காலை புத்தகம் அச்சுக்குப் போகிறது. அப்பா, அம்மா இருவரும் இப்போது இல்லை. அந்த வீட்டில் இருந்தவர்களில் மிச்சம் ஒரே ஆள், அக்கா.

அங்கேதான் சிக்கல். எட்டு நாவல்களில் எட்டு அக்காக்களை அவள் ஒழித்துக் கட்டியிருந்தாள். முதல் அக்கா மூன்றாம் அத்தியாயத்தில் காய்ச்சலில் செத்தாள். இரண்டாமவள் ரயிலேறிக் காணாமல் போனாள். மற்றவர்கள் கதியும் அப்படித்தான். நிஜ அக்கா முதல் நாவலை மட்டும் படித்தாள், மூடி வைத்தாள். அதற்குப் பிறகு தங்கையின் புத்தகத்தை அவள் கையால் தொட்டதில்லை. தங்கைக்கும் அதில் வருத்தம் இல்லை. தனக்குப் பன்னிரண்டு வயது ஆகும்போது விட்டுவிட்டுக் கல்யாணம் செய்துகொண்டு போனவள்தானே என்று அவளுக்குள் ஒரு கணக்கு இருந்தது. புதுப் புத்தகத்தின் பத்தாம் அத்தியாயம், ‘அக்கா திரும்பிப் பார்க்காமல் போனாள்’ என்றுதான் தொடங்கியது.

அக்கா துணி ஆல்ட்டர் செய்கிற கடை வைத்திருந்தாள். பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே, இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் வெளியே நிற்க வேண்டிய கடை. சுவர் முழுக்கக் கால் மடிக்க வந்த பேன்ட்டுகள். அக்காவின் உதடுகளுக்கு நடுவில் எப்போதும் நாலு குண்டூசி இருக்கும். அதனால் அவள் அளவாகத்தான் பேசுவாள். தங்கையைப் பார்த்ததும் ஸ்டூல்மேல் கிடந்த துணியை எடுத்துவிட்டு உட்காரச் சொன்னாள். அவ்வளவுதான் வரவேற்பு.

தங்கை சுற்றி வளைக்காமல் கேட்டாள். அந்த வீட்டில் மாடி இருந்ததா, எத்தனை படி?

அக்கா ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பஞ்சுப் பொதியில் குத்தினாள்.

“மாடியா? அங்க ஏதுடி மாடி?”

“எனக்கு நல்லா ஞாபகம் இருக்குக்கா. அப்பா ஏறி வருவார். பதினேழு படி. ஒவ்வொண்ணா எண்ணியிருக்கேன்.”

அக்கா கையை மடக்கித் தையல் மிஷின் மேசையில் மெல்லத் தட்டினாள். தொம். இடைவெளி விட்டு இன்னொரு தொம். மூன்றாவதில் தங்கைக்குத் தெரிந்துவிட்டது. அதே சத்தம். அடுத்த படி எப்போது வரும் என்று உடம்பு தானாகக் காத்திருந்தது.

“கட்டிலுக்கு அடியில நாம ஒளிஞ்சுக்குவோம், அங்க துணிப்பெட்டி இருந்துச்சு, மரப்பெட்டி. உன் ஒரு காதைப் பெட்டியோட சேர்த்து அமுக்கிப்பேன். இன்னொரு காதைக் கையால மூடிப்பேன். மத்தக் கையால பெட்டியைத் தட்டுவேன். அவர் உள்ள வந்து அம்மாவை அடிச்சிட்டிருப்பார். நான் உன்கிட்ட, இன்னும் வரல, இப்பத்தான் படி ஏறிட்டிருக்கார்னு சொல்லுவேன். நீயும் நம்பிடுவே.”

ஏன் பதினேழு என்று கேட்டாள் தங்கை.

“அப்ப உனக்கு அஞ்சு வயசு, பதினேழு வரைக்கும்தான் எண்ணத் தெரியும். அதுக்குள்ள அவர் நிறுத்தலைன்னா, கால் தவறிக் கீழ விழுந்துட்டார்னு சொல்லி மறுபடியும் ஒண்ணுல ஆரம்பிப்பேன். நீ சிரிப்பே.”

தங்கைக்கு நாற்பது பக்கக் கட்டுரை ஞாபகம் வந்து சிரிப்பு வரப் பார்த்தது. வந்தது அழுகை. அடி விழாமல் எழுதுவது தன் கைவேலை என்று எத்தனை மேடையில் சொல்லியிருப்பாள். அது பன்னிரண்டு வயசுப் பெண் ஒருத்தி கட்டிலுக்கு அடியில் கண்டுபிடித்த வித்தை. இவள் அதைக் கேட்டு வளர்ந்தவள், அவ்வளவுதான்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, பத்தாம் அத்தியாயத்தில் என்ன எழுதியிருக்கிறாள் என்பதையும் சொல்லிவிட்டாள். மறைக்க மனம் வரவில்லை.

“போனேன்தானே,” என்றாள் அக்கா. “அப்பா செத்து அஞ்சு வருஷம் ஆயிருந்துச்சு. அதுக்கு மேல நான் தட்ட வேண்டியதில்லையே.”

தங்கை பதிப்பகத்துக்குப் போன் செய்து, அச்சை ஒரு வாரம் தள்ளிவைக்கச் சொன்னாள். எதிர்முனையில் பதிப்பாளர் குதித்தார். குதிக்கட்டும் என்று விட்டாள், அவள் குரலில் தயக்கமே இல்லை. பையில் இருந்த புரூஃபை எடுத்து, அக்காவின் பென்சிலை வாங்கினாள். படிகளை அப்படியே வைத்தாள், கூரையையும் தொடவில்லை. புரூஃப்காரரின் கேள்விக்குக் கீழே, ‘மாடியைக் கட்டியது அக்கா. இந்த அத்தியாயத்தில் அதையும் எழுதித் தருகிறேன்’ என்று எழுதினாள். முன்னுரையின் அந்தப் பெருமை பேசும் வரியை அடித்தாள். பத்தாம் அத்தியாயத்தின் முதல் வரியையும் அடித்தாள்.

“இதுலயாவது என்னைக் கொல்லாம விட்டிருக்கியா?” என்று கேட்டுக்கொண்டே அக்கா ஒன்பதாம் அத்தியாயத்தைக் கையில் வாங்கினாள்.

கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, வரிவரியாக விரல் வைத்துப் படித்தாள். அப்பா படியேறும் இடம் வந்ததும் அவளுடைய இன்னொரு கை தன்னை அறியாமல் மேசையைத் தட்டத் தொடங்கியது. தங்கை ஸ்டூலில் உட்கார்ந்து எண்ணினாள். பதினைந்து, பதினாறு, பதினேழு. அக்கா பக்கத்தைத் திருப்பினாள். கை நிற்கவில்லை, இன்னொரு முறை தட்டியது.

“பதினெட்டு,” என்றாள் தங்கை வாய்விட்டு.

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். தட்டிய கையைத் தூக்கித் தங்கையின் காதின்மேல் வைத்து, அங்கேயே வைத்துக்கொண்டு, மீதியைப் படித்தாள்.