மிகைச் சுறுசுறுப்பு

1987ஆம் ஆண்டு ஜூன் மாதம் எட்டாம் நாள், திங்கட்கிழமை, காலை பத்து மணிக்கு, ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையின் குடியிருப்பை ஒட்டியிருந்த தொடக்கப்பள்ளியின் தலைமையாசிரியை பார்வதம், ஐந்தாம் வகுப்பு மாணவி வடிவின் தாயார் தாட்சாயிணியைத் தம் அறைக்கு அழைத்து, மாத முடிவுக்குள் இரண்டில் ஒன்றைச் செய்யுமாறு கூறினார். சிறுமிக்கு இருப்பது ஒரு நோய்தான் என்று மருத்துவரிடம் சான்று பெற்று வரவேண்டும். இல்லையேல் மாற்றுச் சான்றிதழை வாங்கிக்கொண்டு அவளை அழைத்துச் சென்றுவிட வேண்டும்.

காரணம் வெள்ளிக்கிழமை நடந்தது. மழை பொய்த்த ஆண்டு அது. பள்ளியின் மேல்தொட்டியை லாரித் தண்ணீர்தான் நிரப்பிக்கொண்டிருந்தது. செய்யுள் ஒப்பிக்கும் வேளையில் வடிவு தண்ணீர் குடிக்க அனுமதி கேட்டு வெளியே போனாள், குழாயைத் திறந்தாள், குடித்தாளோ இல்லையோ, வேலியில் தலையாட்டிய ஓர் ஓணானைக் கண்டு அதன் பின்னே போய்விட்டாள். மதிய மணி அடித்தபோது தொட்டி காலி. விளையாட்டுத் திடலின் புழுதி அத்தனையும் குடித்துத் தீர்த்திருந்தது. பிள்ளைகள் கழுவாத தட்டுகளோடும் வறண்ட நாக்கோடும் வீடு திரும்பினார்கள்.

“வேணும்னு செய்யறாளா, தெரியாம செய்யறாளா, எனக்கு இன்னும் புரியலைம்மா. தெரியாம செய்யறான்னா டாக்டர் சொல்லட்டும். வேணும்னு செய்யறான்னா நான் வைச்சுக்க முடியாது” என்றார் பார்வதம்.

தாட்சாயிணி தலையசைத்தாள். வெளியே வரும்போது அவள் மனத்தில் அச்சத்தைவிட ஆறுதலே மிகுந்திருந்தது. நான்கு ஆண்டுகளாக அந்தப் பள்ளி அவள் மகளுக்குக் கொடுத்த பெயர்கள் பல: வால், வானரம், அடங்காப்பிடாரி. நோய் என்று ஒருவர் சொன்னது இதுவே முதல் முறை. நோய் என்றால் குற்றம் ஆகாது. நோயாளியை யாரும் முட்டிபோட வைப்பதில்லை.

தாட்சாயிணி ஒழுங்குக்குப் பெயர் போனவள். அந்த ஓர் அறைக் குடியிருப்பில் உப்பு ஜாடிக்கும் ஊசிப் பெட்டிக்கும் வைத்த இடம் உண்டு. கண்ணை மூடிக்கொண்டு கை நீட்டினால் பொருள் கிடைக்கும். அப்படிப்பட்டவளுக்குப் பிறந்தது இப்படி ஒன்று. ஒற்றைச் செருப்போடு வீடு வருவாள் வடிவு. குடத்தைக் குழாயடியில் வைத்துவிட்டு வரிசையில் நிற்பவர்களிடம் கதை கேட்கப் போய்விடுவாள். கணக்கை வாயால் சொன்னால் நொடியில் விடை சொல்வாள். சிலேட்டில் எழுதச் சொன்னால் இரண்டாம் வரியில் எழுந்து நிற்பாள். வைதால் அழுவாள், அழுகை காய்வதற்குள் அதையே மீண்டும் செய்வாள். வளர்த்த தாயைத்தான் குடியிருப்பு முழுவதும் குறை சொன்னது. ஒரே பெண், செல்லம் கொடுத்தே கெடுத்துவிட்டாள் என்றது ஒரு வாய். தாய்க்கு இருக்கும் கண்டிப்பைப் பார்த்துப் பிள்ளை மிரண்டுபோயிருக்கிறது என்றது இன்னொரு வாய். இரண்டையும் சொன்னது சில சமயம் ஒரே வாய்தான்.

வேப்பிலை அடித்துப் பார்த்தாயிற்று. தாயத்துக் கட்டியாயிற்று, அதையும் வடிவு எங்கோ கழற்றிப் போட்டுவிட்டாள். நாகதோஷம் என்றார் ஒருவர். பெரியவளானால் தானே அடங்கிவிடும் என்றார் மற்றொருவர்.

கணவன் கஜபதியோ இதில் எதையும் பொருட்படுத்தியதில்லை. தொழிற்சாலையில் கடைசல் இயந்திரத்தில் வேலைக்குச் சேர்ந்தவன் அவன். இயந்திரத்தை ஓடவிட்டுவிட்டு அடுத்தவன் வேலையை வேடிக்கை பார்க்கப் போனதற்காக அங்கிருந்து கருவிக் கிடங்குக்கு மாற்றப்பட்டான்; கிடங்கில் சாவியைத் தொலைத்ததால் சுமை ஏற்றும் முற்றத்துக்கு மாற்றப்பட்டான். அங்கே நிற்காமல் நடந்துகொண்டே இருக்கலாம் என்பதால் அவனுக்கு அது பிடித்திருந்தது. சாப்பாட்டுத் தூக்கை எத்தனை முறை தொலைத்தான் என்று தாட்சாயிணி எண்ணுவதையே விட்டுவிட்டாள். தந்தையையும் மகளையும் அவள் ஒருபோதும் ஒரே தட்டில் வைத்துப் பார்த்ததில்லை. ஆண்பிள்ளையின் மறதி மறதி. பெண்பிள்ளையின் மறதி அடங்காமை. அப்படித்தான் அவளும் கேட்டு வளர்ந்திருந்தாள்.

அந்த வாரத்திலேயே, திருமுல்லைவாயில் கோயிலுக்குப் போவதாகக் கணவனிடம் சொல்லிவிட்டு, மகளைக் கூட்டிக்கொண்டு ரயிலேறி நகரத்துக்குப் போனாள். குழந்தைகளின் மனநலம் பார்க்கும் மருத்துவர் ஒருவர் அங்கே ஒரு மருத்துவமனையில் இருப்பதாகத் தொழிற்சாலை மருந்தகத்துச் செவிலி சொல்லியிருந்தாள். மனநலம் என்று சொன்னால் கஜபதி விடமாட்டான். கீழ்ப்பாக்கம் என்பது சென்னைக்காரர்களுக்கு ஓர் ஊரின் பெயர் மட்டும் அன்று. பழைய மனநல மருத்துவமனை அங்கே இருப்பதால், ஒருவரை நோக்கிச் சொன்னால் அது வசைச்சொல். அவள் போன மருத்துவமனை கீழ்ப்பாக்கத்தில் இல்லை. ஆனால் ஊர் வாய்க்கு எல்லா மனநல மருத்துவமனையும் கீழ்ப்பாக்கம்தான்.

மருத்துவர் நடுவயதுப் பெண்மணி. வடிவை அறைக்குள் விருப்பம்போல் உலவவிட்டு, அவள் எடை பார்க்கும் கருவியில் ஏறி இறங்குவதையும், மேசை மணியை அடிப்பதையும், பாதியில் விட்ட கேள்விக்குச் சன்னலோரம் நின்று சரியாக விடை சொல்வதையும் கவனித்துக்கொண்டே இருந்தார். பிறகு தாயிடம் நெடுநேரம் பேசினார். இது வளர்ப்பால் வந்தது அன்று. பேயும் இல்லை, தோஷமும் இல்லை. பிறவியிலேயே சில பிள்ளைகளின் மூளை இப்படி அமைகிறது. அடித்தால் கூடும், குறையாது. மாத்திரை உண்டு, ஆனால் இங்கே எளிதில் கிடைப்பதில்லை. பள்ளிதான் பெரிய மருந்து: முதல் வரிசையில் உட்கார வைக்கவேண்டும், வேலையைச் சிறு சிறு துண்டாகக் கொடுக்கவேண்டும், இடையில் எழுந்து நடக்க விடவேண்டும், செய்ததைச் செய்தவுடன் பாராட்டவேண்டும். பள்ளியைவிட்டு நிறுத்தினால் இந்தப் பெண் தான் எதற்கும் உதவாதவள் என்று நம்பிவிடுவாள்; அதற்குப் பின் மீட்பது அரிது. இவ்வளவையும் சொல்லிவிட்டு, தந்தையும் சிறு வயதில் இப்படித்தானா என்று மருத்துவர் கேட்டார். பல வேளைகளில் இது குடும்பத்திலேயே இருக்குமாம்.

தாட்சாயிணிக்குக் கருவிக் கிடங்கின் சாவி நினைவுக்கு வந்தது. தெரியாது என்று சொல்லிவிட்டாள்.

சான்று எழுதப் பேனாவை எடுத்த மருத்துவரிடம், வீட்டில் சொல்வதற்குத் தமிழில் ஒரு பெயர் வேண்டும் என்று கேட்டாள். மருத்துவர் சொன்ன ஆங்கிலப் பெயர் அவள் நாக்கில் நிற்கவில்லை.

“மூளை இயக்கத்துல ஒரு கோளாறுன்னு சொல்லுங்கம்மா. பைத்தியம் இல்லைன்னும் சேர்த்துச் சொல்லுங்க.”

“மூளைன்ற வார்த்தை வேணாங்க டாக்டரம்மா. நாளைக்குக் கட்டிக் குடுக்க வேண்டிய பொண்ணு. வேற எதனா மெதுவா சொல்லுங்க.”

மருத்துவர் சிறிது யோசித்தார். பிறகு, சற்றுத் தயங்கியே, “மிகைச் சுறுசுறுப்பு” என்றார். சான்றிலும் அந்தச் சொல்லையே தமிழில் எழுதினார்.

ரயிலில் திரும்பி வரும்போது தாட்சாயிணி அந்தச் சொல்லை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். உறுத்தாத சொல். எந்த வாசலிலும் தலைகுனியாமல் சொல்லக்கூடிய சொல். வெறும் சுறுசுறுப்பு என்பது தமிழில் என்றுமே புகழ்ச்சிதான் என்பதும், புகழ்ச்சியை யாரும் நோயாக ஏற்கமாட்டார்கள் என்பதும் அப்போது அவளுக்கு உறைக்கவில்லை.

முதலில் உறைக்க வைத்தவன் கஜபதி. கோயிலுக்குப் போகவில்லை என்ற உண்மையைச் சொல்லி, நோயின் பெயரையும் சொன்னாள். அவன் கோபித்துக்கொள்ளவில்லை; விழுந்து விழுந்து சிரித்தான். சுறுசுறுப்புக்கு வைத்தியம் பார்த்த முதல் பொம்பளை நீதான் என்றான். சோம்பேறிக்கு மருந்து இருக்கிறதா, இருந்தால் எங்கள் மேஸ்திரிக்கு ஒரு பாட்டில் வாங்கி வா என்றான். மறுநாள் தொழிற்சாலையிலும் சொல்லிச் சிரித்தான். மகளைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு, “எம் பொண்ணுக்கு இன்னா நோவு தெரியுமா? சுறுசுறுப்பு” என்று குழாயடி வரைக்கும் விளம்பரம் செய்தான். வடிவு அவன் தலைமயிரைப் பற்றிக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கெடுக்கத் தாட்சாயிணிக்கு மனம் வரவில்லை.

பார்வதம் சிரிக்கவில்லை. சான்றை இரண்டு முறை படித்துவிட்டு மேசைமேல் வைத்தார். “சோம்பேறிப் பிள்ளைகளை நான் பார்த்திருக்கேன். மிகைச் சுறுசுறுப்புன்னு ஒரு நோயை நான் கேள்விப்பட்டதே இல்லை. யாரோ உங்க மனசு நோகக் கூடாதுன்னு எழுதிக் குடுத்திருக்காங்க” என்றார். முதல் வரிசை, துண்டு துண்டான வேலை, இடையில் நடை என்று தாட்சாயிணி நினைவில் இருந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னாள். வகுப்பில் அறுபது பிள்ளைகள். ஒருத்தி எழுந்து நடந்தால் ஐம்பத்தொன்பது பேரும் நடப்பார்கள் என்றார் பார்வதம். அவர் கல்நெஞ்சர் அல்லர். கணக்கில் கெட்டிக்காரி, பாவம்தான் என்றும் சொன்னார். ஆனால் கெடு மாத முடிவுதான் என்பதில் மாற்றம் இல்லை.

மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை, நசரத்பேட்டையிலிருந்து கஜபதியின் தமக்கை நாகம்மா வந்தாள். நெடுஞ்சாலையை ஒட்டி நிலமும் மாடுகளும் உள்ள வீடு அவளுடையது. கணவன் இல்லை, மகன்கள் லாரிப் பட்டறைக்குப் போய்விட்டார்கள், தொழுவத்தைப் பார்க்க ஆள் இல்லை. தம்பியின் சிரிப்பு அவள் காதுக்கும் எட்டியிருந்தது. வந்தவள் வடிவை ஏற இறங்கப் பார்த்தாள்.

“இன்னாடா கஜா, சுறுசுறுப்பான பொண்ணுன்னு டாக்டரே எய்திக் குடுத்துக்கீறாராமே? அப்போ இன்னாத்துக்கு அத்த பெஞ்சில குந்தவச்சிகினு கீறே? கையும் காலும் ஓடுற பொண்ணுக்கு ஊட்ல வேலயா இல்ல? என்னாண்ட வுடு.”

கஜபதி யோசித்தான். பள்ளி எப்படியும் வெளியே அனுப்பத்தான் போகிறது. வெளியே அனுப்பிய பிள்ளை என்ற பெயரைவிட, அத்தை கூப்பிட்டாள் போய்விட்டாள் என்பது கௌரவம். அவன் முகத்தில் சம்மதம் கூடிவருவதைத் தாட்சாயிணி கண்டாள். மகளைப் பள்ளியில் தக்கவைக்க மருத்துவர் கொடுத்த சொல்லே பள்ளியிலிருந்து பிடுங்குவதற்குக் கயிறாகிவிட்டது. கயிற்றைத் திரித்துக் கொண்டுவந்து கொடுத்தவள் அவளேதான். இனி மெதுவான சொல் உதவாது என்று தெரிந்து, அவள் வேண்டாமென்று விட்ட சொல்லை எடுத்தாள்.

“சுறுசுறுப்பு இல்ல அண்ணி. மூளையில கோளாறு. டாக்டரம்மா மொதல்ல அதான் சொன்னாங்க. நான்தான் மாத்திச் சொல்லச் சொன்னேன். இவளால மாட்டையும் பாத்துக்க முடியாது, பாலையும் பாத்துக்க முடியாது. ஸ்கூலு இல்லன்னா இவ ஒண்ணுமே இல்லாம பூடுவா.”

வடிவு சன்னல் கம்பியில் தொங்கிக்கொண்டு வெளியே ஒரு மிதிவண்டிக்காரனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்டாளா என்று தெரியவில்லை.

நாகம்மா குரலைத் தாழ்த்தினாள். “அப்ப கீழ்ப்பாக்கம் கேஸுன்றியா? இவன் எப்டி இருந்தான்னு எனக்குத் தெரியும்மே. ஆடு மேய்க்க வுட்டா ஆட்ட வுட்டுட்டு ரயில் பாக்கப் போய்டுவான். எங்கம்மா அட்ச்ச அடிக்கு அளவே இல்ல. அப்போ இவனும் பைத்தியமா? சொல்லு. கஜா, நீ பைத்தியமாடா?”

கஜபதி மனைவியைப் பார்த்தான். அந்தப் பார்வையில் சினம் இல்லை. இயந்திரம், கிடங்கு, முற்றம் என்று தான் இறங்கி வந்த படிகளை ஒருவன் திரும்பிப் பார்த்தால் எப்படியிருக்குமோ, அப்படி இருந்தது. மருத்துவர் கேட்ட கேள்விக்கு அன்று அவள் மறைத்த விடை இப்போது நடு அறையில் நின்றது. அவனால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்தான், சட்டையைத் தேடினான், அது அவன் தோளிலேயே கிடந்தது. “இந்த மூளை கீளைன்ற பேச்சு இந்த ஊட்ல இனிமே வேணாம்” என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போனான். அவன் செருப்பில் ஒன்று வாசலிலேயே இருந்தது.

தாட்சாயிணி அதை எடுத்து வைத்தாள். சுறுசுறுப்பு என்றால் தொழுவத்துக்கு ஆகும் பெண். மூளைக் கோளாறு என்றால் பள்ளிக்கு ஆகாத பெண். இரண்டு சொல்லும் ஒரே வாசலில்தான் கொண்டுவிட்டன. மூன்றாவது ஒரு சொல் அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. இருந்திருந்தாலும் அதைக் கேட்க அங்கே ஆள் இல்லை.

மாலையில் வடிவின் பாவாடை சட்டைகளை மடித்துப் பையில் அடுக்கினாள். அத்தை வீட்டில் தண்ணீர்க் குழாய் இருக்கிறதா என்று வடிவு கேட்டாள். கிணறு இருக்கிறது என்றாள் தாய். அப்படியென்றால் மூட வேண்டியதில்லையே என்றாள் சிறுமி, பெரிய நிம்மதியோடு.

முடிவானவை இவை. ஜூன் முப்பதாம் நாள் வடிவின் மாற்றுச் சான்றிதழ் பெற்றுக்கொள்ளப்பட்டது. அவள் நசரத்பேட்டையில் அத்தை நாகம்மாவின் வீட்டில் இருப்பாள். அங்கே வேறு பள்ளியில் சேர்க்கப்படமாட்டாள். தொழுவத்தைக் கூட்டுவதும் மாடுகளுக்குத் தண்ணீர் காட்டுவதும் அவள் வேலை. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஆவடிக்கு வருவாள். மருத்துவரிடம் மீண்டும் அழைத்துப் போவதில்லை. கேட்பவர்களிடம், பெண் சுறுசுறுப்பானவள், அத்தைக்கு ஒத்தாசையாகப் போயிருக்கிறாள் என்று சொல்லவேண்டும். தாட்சாயிணி அப்படியே சொன்னாள்.