காற்றறையின் மேல்பாதி

1.

இந்தக் கதை ஒரு பல்லில் தொடங்கியது என்றால் நீங்கள் சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள், பின்னால் வாய்ப்பு கிடைக்காது. என் மனைவிக்கு மேல்வரிசையில் கடைவாய்ப் பல் ஒன்று போய்விட்டது. எலும்பில் திருகு இறக்கி, அதன்மேல் புதுப் பல் கட்டலாம் என்று பல் டாக்டரிடம் போனோம்.

முதலில் எழுதிய தொடக்கம்: "மழை கொட்டிய ஒரு மாலையில், அவள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு—" (மழையும் இல்லை, ஒன்றும் இல்லை. நல்ல வெயில்.)

அவள் கணக்கு டீச்சர். என் முதல் வாசகியும் அவள்தான். எந்தக் கதையைக் கொடுத்தாலும் கடைசிப் பத்தியைச் சிவப்பு மையால் அடித்துவிடுவாள். "விடை வந்தாச்சு எழுத்தாளரே. அப்புறம் எதுக்கு இன்னும் எழுதுறீங்க?" எரிச்சலாக வரும். ஆனால் அடித்தபின் கதை நன்றாகத்தான் இருக்கும்.

2.

டாக்டரை முதல் வரைவில் அவசரக்காரராக்கினேன். அது பொய். அவர் நிதானமானவர். கன்னத்து எலும்புக்குள் எல்லோருக்கும் ஒரு காற்றறை உண்டு, மேல்பற்களுக்கு மேலே அதன் தரை இருக்கிறது என்று திரையைத் திருப்பிக் காட்டினார்.

"இந்த அறை ஆளுக்கு ஆள் மாறும்மா. உங்களுக்கு உள்ள குறுக்க ஒரு சின்ன எலும்புச் சுவர் இருக்கு பாருங்க. தெரியாம கைய வெச்சா உள்தோல் கிழிஞ்சிடும். நல்லவேளை, ஸ்கேன்ல தெரிஞ்சிடுச்சு."

"சுவர் இருக்கு, தரை இருக்கு. கூரை எங்க டாக்டர்?" என்று கேட்டாள் அவள்.

"பல்லுக்கு வேண்டிய இடம் மட்டும் படம் எடுத்தாப் போதும்மா. வீணா எதுக்கு கதிர்வீச்சு?"

படியிறங்கும்போது அவளுக்கு ஒரே குஷி. "பாத்தீங்களா? தேவையில்லாதத எடுக்கவே இல்ல. உங்களுக்கு இவர்கிட்டதான் ட்யூஷன் வெக்கணும்."

(அடிக்குறிப்பாக வந்திருக்க வேண்டியது: அவர் செய்தது எல்லோரும் செய்வதுதான். வேறு டாக்டர்களிடமும் விசாரித்துவிட்டேன். யாரையாவது திட்டலாம் என்று போய் வெறுங்கையோடு திரும்பினேன்.)

3.

சுவரைத் தொடாமல் திருகு இறங்கியது. பல்லும் அழகாக அமைந்தது. பிறகு கன்னம் மரத்தது. மூக்கில் ரத்தம் வந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் முழுப் படம் எடுத்தார்கள். அறையின் மேல்பாதியில், எங்கள் பழைய படம் முடிந்த கோட்டுக்கு மேலே, கட்டி. கண்ணுக்குக் கீழே இருந்த எலும்பை அது தின்றிருந்தது.

பல் டாக்டர் வீட்டுக்கே வந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.

"அன்னிக்கே மேல இருந்திருக்குமா சார்? எனக்குத் தெரியல சார். கொஞ்சம் மேல ஏத்தி எடுத்திருந்தா..."

அவர் முடிக்கவில்லை. அந்த வாக்கியத்தை என்னாலும் முடிக்க முடியவில்லை.

4.

இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

ஒன்று: டாக்டர் அன்றைக்கே முழு அறையையும் படமெடுக்கிறார். கடுகளவு தெரிகிறது. எடுத்துவிடுகிறார்கள். அவள் பழையபடி பள்ளிக்கூடம் போகிறாள். இதை எழுதிய காலையில் எனக்கு நன்றாகப் பசித்தது.

இன்னொன்று: முழுப் படம் எடுக்கிறார், மேலே வெறும் காற்றுதான். அப்படியானால் கட்டி பிறகு வந்தது, யார்மேலும் குற்றமில்லை. இதில் ஆறுதல் இருக்கும் என்று நம்பி எழுதினேன். துளியும் இல்லை. இரண்டையும் கிழித்துப் போட்டேன்.

நடந்தது இதுதான். மேல்தாடையில் ஒரு பக்கத்தை, புதுப் பல்லோடு சேர்த்து எடுத்தார்கள். அதன்பின் அவள் பேச்சு மூக்கால்தான் வந்தது, எனக்கு மட்டும்தான் புரியும். ஆஸ்பத்திரிக் கட்டிலருகே உட்கார்ந்து முதல் இரண்டு பகுதிகளைப் படித்துக் காட்டினேன்.

"நல்லாருக்கு. டாக்டர மட்டும் திட்டாதீங்க," என்றாள். கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "முடிச்சதும் குடுங்க. கடைசிப் பத்திய நான் பாத்துக்கறேன்."

5.

அவள் பார்க்கவில்லை. நான் முடிப்பதற்குள் போய்விட்டாள். இதுதான் அந்தக் கடைசிப் பத்தி, எப்போதும்போல அதிகப்படியானது. அவளுடைய சிவப்புப் பேனாவை எடுத்து நானே அடிக்கப் பார்த்தேன், கை வரவில்லை. உங்களிடம் பேனா இருந்தால் இதை அடித்துவிடுங்கள். அப்போது கதை அவள் பேசிக்கொண்டிருக்கும் இடத்திலேயே நின்றுவிடும்.