பழம் விடச் சொன்ன டீச்சர்

சாயங்காலம் மகளின் பள்ளிப் பையைத் திறந்ததும் சுபலட்சுமியின் கை முதலில் போவது தண்ணீர் பாட்டிலுக்குத்தான். அதைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் மற்ற வேலை. அன்றும் எடுத்தாள். பாட்டில் கனத்தது. காலையில் ஊற்றி அனுப்பிய தண்ணீர் கழுத்து வரைக்கும் அப்படியே இருந்தது.

"என்ன பாப்பா இது, நேத்தும் இப்பிடித்தான கொண்டு வந்த? அடிக்கிற வெயிலுக்கு ஒரு மடக்குக்கூடக் குடிக்காம எப்பிடி இருக்க?"

"மறந்துட்டேம்மா."

"சோறு திங்க மறக்கல, தண்ணி குடிக்க மட்டும் மறக்குதாக்கும். நாளைக்கும் இப்பிடிக் கொண்டு வா, இருக்கு உனக்கு."

தமிழ்வாணி தலையை ஆட்டிவிட்டு முகம் கழுவப் போனாள். மறதி என்றது பொய். ஏழாம் வகுப்புப் படிக்கும் அவளுக்கு ஞாபகசக்தியில் எந்தக் குறையும் கிடையாது. வாடிப்பட்டியில் படித்தபோது செய்யுள் ஒப்பிப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை. தண்ணீர் குடித்தால் கழிப்பறைக்குப் போகவேண்டி வரும். பள்ளியில் கழிப்பறைக்குப் போக அவளுக்கு அனுமதி இல்லை. மறுத்தது தலைமையாசிரியையும் அல்ல, டீச்சரும் அல்ல. அவளைப் போலவே ரெட்டைச் சடை போட்டு ரிப்பன் கட்டிக்கொண்டு வரும் வகுப்பு லீடர் அஸ்வினிதான்.

அப்பா சிவக்குமாருக்குச் டவுனில், சிம்மக்கல்லில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் வேலை கிடைத்ததால், ஜூன் மாதம் குடும்பம் வாடிப்பட்டியை விட்டு வில்லாபுரத்துக்குக் குடிவந்தது. மிஷன் நடத்தும் பெண்கள் பள்ளியில் மகளுக்கு இடம் கிடைத்ததைத் தெருவெல்லாம் சொல்லிச் சந்தோஷப்பட்டாள் சுபலட்சுமி. அந்தப் பள்ளியில் அஸ்வினியின் கண் ஏன் இந்தப் பிள்ளைமேல் விழுந்தது என்று கேட்டால் பதில் இல்லை. புதுசாக வந்தவள், சாது, யாரிடமும் எதிர்த்துப் பேசத் தெரியாதவள். அது போதுமாக இருந்தது.

முதலில் தமிழ்வாணி நடந்து போனால் பின்னால் நாலு பேர் அவள் நடையை நடந்து காட்டினார்கள். அப்புறம் அவளோடு பேசுகிறவர்களோடு யாரும் பேசக்கூடாது என்று ஒரு சட்டம் வந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆஷ்லின் ஒருத்திதான் அந்தச் சட்டத்தை மதிக்கவில்லை. பிறகு ஒருநாள் கழிப்பறைக்குள் போனவளை வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட்டார்கள்.

இடைவேளை முடிந்த பெல் அடித்தது. கதவைத் தட்டிக் கத்தினாள். கத்தக் கத்த வெளியே சிரிப்புச் சத்தம்தான் கேட்டது. பிறகு அந்தச் சிரிப்பும் போய்விட்டது, அதுதான் இன்னும் பயமாக இருந்தது. உள்ளே விளக்கு இல்லை. உயரத்தில் கையகலத்துக்கு ஒரு சன்னல், அவ்வளவுதான். பள்ளி முழுக்க வீட்டுக்குப் போய்விடும், தன்னை மட்டும் யாரும் தேடமாட்டார்கள் என்று அந்தப் பிள்ளை நினைத்தது. கழுவ வந்த ஆயாம்மா கதவைத் திறந்ததும், அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வகுப்புக்கு ஓடினாள்.

மறுநாள் கழிப்பறை வாசலில் வைத்து அஸ்வினி அன்பாகத்தான் சொன்னாள். "இனிமே எங்கிட்டக் கேக்காம இங்கிட்டு வரக்கூடாது. சரியா?" கேட்டால், "இன்னைக்கு வேணாம்" என்பாள். இடைவேளைக்கு இடைவேளை அவளுடைய கூட்டாளிகள் இரண்டு பேர் கழிப்பறை வாசலில் காவல் நின்றார்கள்.

தமிழ்வாணி தண்ணீர் குடிப்பதை விட்டாள். ஞாயிற்றுக்கிழமை பொழுது சாயும்போதே மறுநாள் எத்தனை இடைவேளை என்று எண்ணத் தொடங்கிவிடுவாள். வீட்டில் யாராவது டம்ளரைக் கீழே போட்டால்கூடத் தூக்கிவாரிப் போடும்.

இதையெல்லாம் பார்த்துப் பொறுக்கமுடியாமல் டீச்சரிடம் சொன்னவள் ஆஷ்லின்தான். வகுப்பாசிரியை ஆனிமேரி கெட்டவர் இல்லை. சொல்லப்போனால், பிள்ளைகளின் சண்டையைத் தீர்ப்பதில் பள்ளியிலேயே பேர் வாங்கியவர். அவருடைய வழி எளிது. கோபம் வந்தால் காய் விடுவதும், கோபம் தீர்ந்தால் இரண்டு விரலைச் சேர்த்து நீட்டிப் பழம் விடுவதும் பிள்ளைகளுக்குள் நடக்கிற வழக்கம்தானே. டீச்சர் அதையே பிடித்துக்கொண்டார். சண்டை போட்ட இருவரையும் கரும்பலகைக்கு முன்னால் நிறுத்திப் பழம் விடச் சொல்வார். வகுப்பு கைதட்டும். அதோடு இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்காரவேண்டும். ரப்பருக்கும் ஸ்கேலுக்கும் அடித்துக்கொண்ட எத்தனையோ பேர் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து உயிர்த் தோழிகளாகியிருக்கிறார்கள். அதனால் தன் வைத்தியத்தின்மேல் டீச்சருக்கு அசையாத நம்பிக்கை. வந்திருப்பது என்ன நோய் என்று பார்க்கத்தான் அவருக்கு நேரமில்லை.

"என்னடி உங்களுக்குள்ள?" என்று இருவரையும் கூப்பிட்டார்.

"ஒண்ணுமில்ல டீச்சர்" என்றாள் அஸ்வினி. "வெளாட்டுக்குக் கதவைச் சாத்துனோம். அவதான் எங்க யாருகூடயும் பேசவே மாட்டேங்குறா."

"நீ சொல்லு தமிழ்வாணி."

தமிழ்வாணி தரையைப் பார்த்தாள். அஸ்வினி பக்கத்தில் நிற்கும்போது என்ன சொல்வது? டீச்சர் போய்விடுவார். அஸ்வினி போகமாட்டாள்.

"பாத்தியா, நீ வாயைத் திறந்து பேசுனாத்தானே அவங்களும் பழகுவாங்க. ரெண்டு பேர் மேலயும் தப்பு இருக்கு. சாரி சொல்லிப் பழம் விடுங்க."

விரல்கள் தொட்டுக்கொண்டன. வகுப்பு கைதட்டியது. அந்தக் கைதட்டலுக்குள் அஸ்வினி சிரித்த முகம் மாறாமல் சொன்னாள்: "சொல்லிட்டேல்ல. இனிமே இருக்குடி உனக்கு."

அன்றைக்கே ஆஷ்லினைப் பின்வரிசைக்கு அனுப்பிவிட்டு, அந்த இடத்தில் அஸ்வினியை உட்காரவைத்தார் டீச்சர். ஆட்டைக் கொண்டுபோய் நரியிடமே கட்டியது போல் ஆயிற்று. இதற்கு முன் இடைவேளையில் மட்டும் வந்த பயம், இப்போது காலை பெல்லிலிருந்து சாயங்காலப் பெல் வரைக்கும் முழங்கைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது. பெஞ்சுக்கு அடியில் கால் மிதிபடும். எழுதும்போது கை தட்டிவிடப்படும். "ஏன் தண்ணி குடிக்கல? குடி, குடிச்சுட்டு உக்காந்திரு" என்று காதோரம் குரல் கேட்கும். டீச்சர் திரும்பிப் பார்த்தால் ஒரே புத்தகத்தில் இரண்டு தலைகள் குனிந்திருக்கும். அவருக்கு மனசு நிறைந்துவிடும்.

வீட்டிலும் சொல்லிப் பார்த்தாள். முழுசாகச் சொல்லத் தைரியம் வரவில்லை. "ஒரு பிள்ளை எங்கூடச் சண்டை போடுதுப்பா" என்று மட்டும் சொன்னாள்.

சிவக்குமார் சிரித்தார். "பிள்ளைகன்னா சண்டை வரத்தான் செய்யும். நாங்கள்லாம் காலைல மண்டையை உடைச்சுக்கிட்டு மத்தியானம் ஒண்ணாக் குளிக்கப் போவோம். நீயும் திருப்பி ரெண்டு குடு, சரியாப் போகும்."

அவள் அதோடு நிறுத்திக்கொண்டாள். தனக்கு நடப்பதற்கும் சண்டை என்றுதான் பேர் போலிருக்கிறது, மற்ற பிள்ளைகளெல்லாம் இதைத் தாங்கிக்கொள்கிறார்கள், தனக்குத்தான் தாங்கத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டாள். ஒரு பிள்ளைக்கு இதைவிடப் பெரிய தனிமை வேறென்ன வேண்டும்.

அடிவயிறு கடுக்கத் தொடங்கியது. வீட்டில் ஒன்றுக்குப் போனாலும் எரிந்தது. அம்மாவிடம் சொன்னால் ஏன் என்று கேட்பாள் என்பதால் பல்லைக் கடித்துக்கொண்டாள். ஒரு வெள்ளிக்கிழமை காலையில் உடம்பு லேசாகச் சுட்டது. பொட்டில் தலைவலி.

கடைசி பீரியட் விளையாட்டு. அஸ்வினி ஆண்டுவிழாப் பாட்டுப் பயிற்சிக்குப் போயிருந்தாள். அவள் இல்லை என்று தெரிந்ததும், காய்ச்சலோடு காய்ச்சலாகத் தமிழ்வாணிக்குக் காலில் உயிர் வந்துவிட்டது. கோ-கோவில் ஓடினாள். ஆஷ்லின் துரத்தினாள். தொட்டுவிட்டேன் என்றாள் ஆஷ்லின். தொடவே இல்லை என்றாள் தமிழ்வாணி.

"கள்ளாட்டம் ஆடாதடி, உன் சட்டை என் கைல பட்டுச்சு."

"காத்துப் பட்டுருக்கும். நீதான் கள்ளாட்டம். எப்பப் பாத்தாலும் உனக்கு இதே வேலை."

"போடி. உங்கூட இனிமே காய்."

"போ. எனக்குந்தான் காய். ஜென்மத்துக்கும் காய்."

ஒருத்தி சடையை ஒருத்தி பிடித்துவிட்டார்கள். பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்த ஆனிமேரி டீச்சர் ஓடிவந்து பிரித்தார். ஆஷ்லின் அழுதாள், தமிழ்வாணி அழுதுகொண்டே இன்னும் கத்தினாள். இந்தப் பிள்ளைக்கு இம்புட்டுக் குரல் இருக்கிறதா என்று டீச்சருக்கே ஆச்சரியம்.

"போதும். மூஞ்சியெல்லாம் ஒரே மண்ணு" என்றார். அதே நேரம் பாட்டுப் பயிற்சி முடிந்து அஸ்வினி வந்துகொண்டிருந்தாள். டீச்சர் வழக்கம்போல லீடரைக் கூப்பிட்டார். "அஸ்வினி, இவளைப் பாத்ரூமுக்குக் கூட்டிட்டுப் போய் மொகத்தைக் கழுவ விடு."

"சரி டீச்சர்" என்று அஸ்வினி கையை நீட்டினாள்.

தமிழ்வாணியின் சத்தம் பாதியில் நின்றது. டீச்சரின் சேலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "வேணாம் டீச்சர். நான் இனிமே சண்டை போடல. கத்தல. பாத்ரூம் மட்டும் வேணாம் டீச்சர்." பல் கிட்டிப்போய் வார்த்தைகள் உடைந்து உடைந்து வந்தன. அவள் காலடியில் மண் நனைந்தது. நிறுத்த முடியாமல் அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

சுற்றி நின்றவர்களில் யாரோ சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை. ஒரு நிமிஷத்துக்கு முன்னால் ஆஷ்லினைச் சடையைப் பிடித்து இழுத்த பிள்ளை இது. இப்போது ஒரு பேரைச் சொன்னதற்கு இப்படி நடுங்குகிறது. தோளைத் தொட்டார். கொதித்தது. தன் முந்தானையால் அவளைச் சுற்றிக்கொண்டார். அஸ்வினியை அங்கேயே நிற்கச் சொன்னார். "நானே கூட்டிட்டுப் போறேன்."

மாடிப்படியைச் சுற்றித் திரும்பினால் கழிப்பறை. தமிழ்வாணி ஓரடி முன்னால் போனாள். விளையாட்டு பீரியடிலும் வாசலில் காவல் நின்ற அஸ்வினியின் கூட்டாளிகள் இரண்டு பேரும் பின்னால் வந்த டீச்சரைப் பார்க்கவில்லை. பழகிப்போன வேலையை ஒப்பிப்பது போல ஒருத்தி கேட்டாள்: "ஏ, லீடர்கிட்டக் கேட்டியா?"

இன்னொருத்தி சொன்னாள்: "கேக்காம உள்ள போனா அன்னைக்கு மாதிரி பூட்டிருவோம். சாயங்காலம் வரைக்கும் திறக்கமாட்டோம்."

தமிழ்வாணி தலையைக் குனிந்துகொண்டு திரும்பினாள். அவள் அழக்கூட இல்லை. தினமும் செய்கிற காரியத்தைச் செய்கிறவள் போலத் திரும்பிய அந்தத் திரும்பலைத்தான் ஆனிமேரி டீச்சரால் தாங்கமுடியவில்லை. அவள் கையைப் பிடித்துத் தானே உள்ளே கூட்டிப்போனார்.

தமிழ்வாணியை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். தண்ணீர் குடிக்காமலும் அடக்கி வைத்தும் சிறுநீரில் தொற்று. காய்ச்சல் அதனால்தான் என்றார் டாக்டர். இன்னும் விட்டிருந்தால் சிறுநீரகத்துக்கே போயிருக்கும் என்று அவர் சொன்னபோது, பாட்டிலைக் காட்டித் திட்டியதெல்லாம் நினைவுக்கு வந்து சுபலட்சுமி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

பிள்ளை வீடு திரும்பியபின் ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்து டீச்சர் நேராக வில்லாபுரத்துக்கு வந்தார். சிவக்குமார் நாற்காலியை இழுத்துப் போட்டார். "பிள்ளைக சண்டைதானே டீச்சர். நாங்கதான் கவனிக்காம விட்டுட்டோம்" என்றார் சங்கடத்தோடு.

"நானும் அப்பிடித்தான் சொல்லிட்டிருந்தேன் சார்" என்றார் டீச்சர். "அஸ்வினி அப்பா அம்மாவை வரச்சொல்லி ஹெச்.எம். பேசிட்டாங்க. அவ இப்ப லீடர் இல்ல, இவ பெஞ்சுலயும் இல்ல. அவளும் பிள்ளைதான். ஸ்கூல்ல கவுன்சிலிங் குடுக்குற மேடம் அவளைத் தனியாக் கூப்பிட்டுப் பேசுறாங்க. இண்டர்வெல்ல இனிமே டீச்சர்ஸ் முறை போட்டு அங்க நிப்போம்."

தமிழ்வாணிக்கு ஒன்றே ஒன்றுதான் தெரியவேண்டியிருந்தது. "நான் சொன்னேன்னு அவளுக்குத் தெரியுமா டீச்சர்?"

"நீ எங்க சொன்ன? கண்ணால பாத்தது நான். நான் பாத்தேன்னுதான் எல்லார்கிட்டயும் சொல்லிருக்கேன்."

அடக்கி வைத்திருந்த மூச்சைப் பிள்ளை விட்டது. டீச்சர் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். "ஆஷ்லின்கூடச் சண்டை போட்டியே, அது என்னாச்சு?"

"ஆஸ்பத்திரிக்கு வந்தா டீச்சர். அப்பவே பழம் விட்டுட்டோம். ஆனா அவ என்னைத் தொடல, அதை இப்பவும் சொல்வேன்."

டீச்சருக்குச் சிரிப்பு வந்தது. உடனே போயும் விட்டது. "அஸ்வினிகூடவும் நான் பழம் விடச் சொன்னேன். மாட்டேன்னு நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே பாப்பா."

தமிழ்வாணி யோசித்தாள். "அவகூட நான் காயே விடலயே டீச்சர். நான் சண்டையே போடல. அவ செஞ்சா, நான் பயந்தேன். அம்புட்டுதான்."

சிவக்குமார் தலையைக் குனிந்துகொண்டார். ஆனிமேரி டீச்சர் அவர்களிடம் சொன்னாலும், தனக்கே சொல்லிக்கொள்வது போல நிதானமாகச் சொன்னார்.

"சண்டைன்னா ரெண்டு பேருக்கும் கோபம் வரும் சார், ரெண்டு பேரும் கத்துவாங்க, ரெண்டு நாள்ல மறந்துரும். ஒருத்தி சிரிக்க, ஒருத்தி மட்டும் நடுங்க, அதுவே தினமும் நடந்தா அதுக்குப் பேரு சண்டை இல்ல, கொடுமை. யாருக்குக் கோபம், யாருக்குப் பயம்னு பெரியவங்க நாமதான் பாக்கணும். சண்டை போட்ட பிள்ளைகளைச் சேத்து வைக்கலாம். பயந்த பிள்ளையை முதல்ல காப்பாத்தணும்."