சபுரா மாசாக்

தாராவி தோல் கிடங்குச் சந்தில், மவுத்தாகி மண்ணுக்குள் போய் மூன்று வருஷமான சபுரா 1946 மழைக்காலத்தில் மறுபடியும் மீன் குழம்பு வைக்க ஆரம்பித்தாள். வாவல் மீன் விலை அந்த வாரம் கொஞ்சம் இறங்கியிருந்தது.

அவள் புருஷன் சலாவுதீன் தோல் வியாபாரமாக ஜாவாவின் சுரபாயாவுக்குப் போனவன். ஜப்பான்காரன் வந்து கப்பல் நின்றுபோனதில் நாலு வருஷத்துக்கு மேல் அங்கேயே மாட்டிக்கொண்டான். சபுரா இங்கே காய்ச்சலில் போய்விட்டாள். சந்து அழுது ஓய்ந்து, அவரவர் பிழைப்பைப் பார்க்கப் போன பிறகுதான் அவன் வந்து சேர்ந்தான். அவனோடு அழ ஓர் ஆள் மிச்சமில்லை.

சுரபாயாவிலிருந்து அவன் கொண்டுவந்தது இந்தோனேசியப் பேச்சு மட்டும்தான். அதில் வினைச்சொல் காலத்துக்குத் தகுந்தபடி மாறாது. நேற்றுச் சமைத்ததும் 'மாசாக்', நாளைக்குச் சமைக்கப்போவதும் 'மாசாக்'. முடிந்துபோனது என்று அழுத்திச் சொல்ல முன்னால் 'சுடா' போட வேண்டும். இன்னும் ஆகவில்லை என்றால் 'பெலும்'. தமிழில் 'சமைத்தாள்' என்று சொல்ல அவனுக்கு நாக்கு எழவில்லை. வெறும் வீட்டில் உட்கார்ந்து "சபுரா மாசாக்" என்றான். அடுப்பு பற்றிக்கொண்டது. வளையல் சத்தம் கேட்டது, புளி வாசனை வந்தது. ஆளைத்தான் காணோம்.

ஒரு வருஷம் ஓடியது. குழம்பு கொதித்துக்கொண்டே இருந்தது. கரண்டி விட்டால் வெறுங்கரண்டிதான் வந்தது. அவன் ஈரானி கடையில் பன் தின்றுவிட்டு வந்து அந்த வாசனைக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டான். அவனை அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடும் பக்கத்து வீட்டு ஆபிதா பொறுக்கமாட்டாமல் வாசலில் வந்து நின்றாள்.

"என்ன காக்கா, மதினி இன்னும் கொழம்ப எறக்கலியா?"

"பெலும்" என்றான்.

"அவியளுக்கும் கை வலிக்கும்லா? எத்தன நாளு கிண்டிக்கிட்டே நிப்பாவ?"

தன் தனிமையையே நினைத்துக்கொண்டிருந்தவனுக்கு இது தோன்றவே இல்லை. வெட்கமாகப் போயிற்று. உள்ளே போய், அடுப்பைப் பார்த்து, "சபுரா சுடா மாசாக்" என்றான். சபுரா சமைத்துவிட்டாள். வளையல் நின்றது, தீ அணைந்தது. சட்டி நிறையக் குழம்பு இருந்தது. எப்போதும்போல் உப்பு ஒரு கல் தூக்கல். அழுதுகொண்டே வழித்துத் தின்றான்.

சாவு விழுந்த மையத்து வீட்டில் மூன்று நாள் அடுப்பு எரியாது. அக்கம்பக்கத்தார்தான் சோறு கொண்டுவருவார்கள். புகை வராததைக் கண்ட சந்துக்காரர்கள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, சோற்றுச் சட்டிகளோடு வந்தார்கள். எப்போது மவுத்தானாள் என்று யாரும் கேட்கவில்லை. அவனைச் சுற்றி உட்கார்ந்து அழுதார்கள்.