கால் டிகிரி குறைவு

பதினோரு வருடத்துப் பதிவேடுகளை மேசைமேல் அடுக்கி வைத்துவிட்டு, தலைமை அலுவலகத்திலிருந்து வந்த பெண் ஒரே கேள்வியைத்தான் கேட்டாள்.

"சார், மத்தியானம் மட்டும் நீங்க குட்டையாயிடுவீங்களா?"

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. மனைவி இறந்துபோன இந்த எட்டு மாதத்தில் எதற்குமே முகம் உடனே அசைவதில்லை. அந்த வானிலை நிலையத்தில் அவர் ஒருவர்தான். கூட இருந்தவர் மாற்றலாகிப் போன இடத்துக்கு யாரும் வரவேயில்லை. ஒரு நாளைக்கு ஆறு தடவை வெப்பம், ஈரம், காற்றழுத்தம், காற்று, மழை, மேகம் என்று பார்த்து எழுத வேண்டும். மழைக்கு விடுமுறை கிடையாது, ஆகவே அவருக்கும் கிடையாது.

பழைய எண்களைக் கணினியில் ஏற்றும்போதுதான் அந்தப் பெண் கண்டுபிடித்திருக்கிறாள். வாரத்தில் நாலு நாள், பிற்பகல் இரண்டரை மணி வெப்ப அளவு மட்டும் கால் டிகிரி குறைகிறது. அதே நாளின் காலையும் மாலையும் சுத்தமாக இருக்கின்றன. வெப்பமானியின் கோடுகள் கண்ணாடியின் முன்பக்கத்தில். பாதரசம் அதற்கு உள்ளே. நேராகப் பார்க்காமல் கீழிருந்து அண்ணாந்து பார்த்தால், பாதரசம் ஒரு கோடு தாழ நிற்பதுபோல் கண்ணை ஏமாற்றும்.

"குனிஞ்சு பாத்திருப்பேன்மா. முதுகு வலி."

"பதினோரு வருஷமா, ரெண்டரை மணிக்கு மட்டும் வர்ற முதுகு வலியா சார்?"

அவர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வெளியே புல்வெளி நடுவில், நாலு கால்மேல் வெப்பமானிகள் தொங்கும் வெள்ளைப் பெட்டி நின்றது. பக்கமெல்லாம் காற்று புக இடைவெளி விட்ட பலகைகள். வெயில் நேராகப் பட்டால் அது காற்றின் சூடாகாது, வெயிலின் சூடாகிவிடும்.

விடியற்காலை அளவுக்கு எழுந்தவருக்கு மதியம் கண் சொருகும். வீடு அதே வளாகத்தில். "நீங்க படுங்க, நான் பாத்துட்டு வரேன்" என்று மனைவிதான் ஆரம்பித்தாள். ஒரு துண்டுத்தாளில் எண்களைக் கிறுக்கி அவர் தலையணைக்கடியில் செருகுவாள். எழுந்ததும் அவர் பதிவேட்டில் ஏற்றுவார். கையெழுத்து அவருடையது, கண் அவளுடையது.

சும்மா எழுதித் தருகிறவள் இல்லை, கேள்வி கேட்பாள். ஒரு வெப்பமானிக்கு ஏன் ஈரத்துணி சுற்றியிருக்கிறது என்று கேட்டாள். தண்ணீர் ஆவியாகும்போது சூட்டையும் கூட்டிக்கொண்டு போகும், காற்று காய்ந்திருந்தால் அதிகமாகப் போகும் என்றார். "குளிச்சுட்டு மின்விசிறிக்குக் கீழ நின்னா நடுங்குதே, அதானே? இதுக்கு ஒரு ஆபீசு!" என்றாள். காற்றுக்கு எடை உண்டு என்று அறிந்த நாளில், "இவ்வளவையும் தலையில சுமந்துக்கிட்டு உங்களையும் சேத்துச் சுமக்கறேன் பாருங்க" என்று இடுப்பில் கை வைத்தாள். சூடான காற்று மேலே போன இடத்தை நிரப்பப் பக்கத்துக் காற்று ஓடிவரும், அதுதான் வீசுவது என்று சொன்னபோது மட்டும் கேலி செய்யவில்லை. "காலியா ஒரு எடம் இருந்தா பொறுக்காது போல."

வீட்டில் அப்படி எதுவும் ஓடி வரவில்லை.

"யார் பாத்ததுன்னு தெரியலன்னா, அத்தனையும் சிவப்பு மையில அடிச்சுடணும் சார்" என்றாள் அந்தப் பெண். "ரெண்டாயிரத்துச் சொச்சம் இருக்கு."

அடித்துவிட்டால் யாருக்கு என்ன நட்டம்? உலகத்தின் வெப்பம் கூடாது, குறையாது. ஆனால் துண்டுத்தாள்களை அவர் அன்றன்றைக்கே கசக்கிப் போட்டிருந்தார். அவள் பார்த்ததெல்லாம் இந்தப் பதிவேடுகளில் மட்டும்தான் மிச்சம். உண்மையைச் சொன்னால், வேலைக்கு ஆள் வைத்துத் தூங்கியவர் என்று விளக்கம் கேட்பார்கள். முப்பது வருடத்தில் அவர்மேல் ஒரு புகார் கிடையாது.

"என் வீட்டுக்காரம்மா பாத்தது" என்றார்.

பெண் பேனாவைக் கீழே வைத்தாள். "அவங்க...?"

"இல்ல. போயி எட்டு மாசம் ஆயிடுச்சு." அவர் சன்னலுக்கு வெளியே கையைக் காட்டினார். "பெட்டி முன்னாடி ஏறி நிக்க ஒரு பலகை இருந்துச்சு. கரையான் தின்னுடுச்சு. எனக்கு எட்டுது, அதனால நான் மாத்தல. அவளும் வேணும்னு கேக்கல. எக்கிப் பாருன்னா, எக்கி நின்னு தடுமாறுறதுக்குள்ள மூச்சு பட்டுப் பாதரசம் ஏறிடும்பா."

பெண் வெகுநேரம் பக்கங்களைப் புரட்டினாள். "ஈரப்பதம் பெருசா தப்பல சார். ரெண்டு வெப்பமானியும் ஒரே மாதிரி குறைஞ்சதால, வித்தியாசம் சரியாத்தான் இருக்கு. நல்லாப் பாத்திருக்காங்க." பிறகு, "விளக்கம் கேப்பாங்க. அது என் கையில இல்ல. ஆனா கண்ணு எந்த உயரம்னு தெரிஞ்சா அடிக்க வேண்டாம், திருத்திக்கலாம். எவ்வளவு உயரம்?"

அவருக்குத் தெரியவில்லை. முப்பத்திரண்டு வருடம் கூட இருந்தும் அளந்து பார்த்ததில்லை.

இருவரும் வெயிலில் இறங்கிப் பெட்டி முன் நின்றார்கள். அவர் உள்ளங்கையைக் கவிழ்த்துத் தன் தோளுக்கு நேரே நீட்டினார். "அவ கண்ணு இங்க..." கண்ணை மூடினார். கை இரண்டு விரற்கடை இறங்கியது, தயங்கியது, ஒரு விரல் ஏறியது. "இங்கதான்."

"ஆட்டாதீங்க சார்." பெண் குத்துக்காலிட்டு அளவுநாடாவின் நுனியைப் புல்லில் அழுத்தி, மறுமுனையை அவர் கைவரை இழுத்தாள். எண்ணைப் படித்தாள், எழுதினாள். நாடா சரக்கென்று சுருண்டது.

"முடிஞ்சது சார், இறக்கலாம்."

தோள்பட்டை வலித்தது. அவர் கை அங்கேயே இருந்தது.